அலாவுதீன் கில்ஜி: போர்க்காலத் தானியக் கட்டுப்பாட்டின் வழி ஒரு வாழ்க்கை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி (ஆட்சி: 1296–1316) மங்கோலியப் படையெடுப்புகளுக்கு இடையில் தானிய விற்பனையையும் விலையையும் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தவர். இக்கட்டுப்பாடு படைச்செலவைக் குறைப்பதற்காக ஏற்பட்டதா, மக்கள் நலனுக்காக ஏற்பட்டதா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு நிலையிலும் தானியச் சந்தைக்கும் படைக்கும் உழவருக்கும் இடையே நிலவிய தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது. தில்லிக் கடைத்தெருவில் நின்ற மலிவு விலையின் சுமையைத் தோவாப் பகுதி உழவரே சுமந்தனர் என்பதும், அவ்விலை ஒரு மன்னனின் கண்காணிப்பையே சார்ந்திருந்ததால் அவனோடு முடிந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: அலாவுதீன் கில்ஜி, பரனி, தானிய விலை, மங்கோலியர், தோவாப், பதுக்கல், பொதிமாட்டு வணிகர்.

முன்னுரை

இந்திய இடைக்கால வரலாற்றில் அலாவுதீன் கில்ஜி பெரும்பாலும் வெற்றி வீரராகவே நினைக்கப்படுகிறார். குசராத்து, ரந்தம்போர், சித்தூர், மாளவம், தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம் என நீளும் பட்டியல் அவருடைய ஆட்சிக்கு அடையாளமாகிவிட்டது. தமிழ் வாசகருக்கோ அவர் 1311இல் மதுரை வரை வந்த மாலிக் கபூரின் தலைவராக அறிமுகமானவர். ஆயினும் அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தில்லி மக்கள் நினைவில் வைத்திருந்தது, அவர் காலத்துக் கோதுமை விலையை. போர்ப் புகழ் மங்கிய பின்னும் விலைப் புகழ் நிலைத்தது ஏன் என்னும் வினா அவருடைய வாழ்க்கையை வேறு கோணத்தில் பார்க்கத் தூண்டுகிறது.

சான்றுகளும் சான்றாளர்களும்

இப்பொருள் குறித்த முதன்மைச் சான்று ஜியாவுதீன் பரனியின் தாரீக்-இ-பிரோஸ் ஷாஹி. 1357இல் இதை முடித்தபோது பரனி முதுமையிலும் வறுமையிலும் இருந்தார். அலாவுதீன் காலத்தில் அவர் இளைஞர். அவருடைய சிற்றப்பன் அலாவுல் முல்க் தில்லியின் கொத்தவாலாகப் பணியாற்றியவர். ஆட்சியின் உட்புறத்தை அறிந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் பரனியின் செய்திகளுக்கு மதிப்புண்டு. அதேவேளை, உயர்குடிப் பார்வையும், சந்தை வணிகர்மீது கொண்ட வெறுப்பும் அவர் எழுத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றன.

இரண்டாவது சான்று, சூபி ஞானியான சிராக்-இ-தில்லி நசீருத்தீனின் உரையாடல்களை ஹமீத் கலந்தர் தொகுத்த கைருல் மஜாலிஸ். மூன்றாவது, அலாவுதீனின் அவைக் கவிஞர் அமீர் குஸ்ரு இயற்றிய கஸாயினுல் புதூஹ். நான்காவது, 1334ஆம் ஆண்டளவில் தில்லி வந்த இபன் பதூதாவின் பயண நூல். இவற்றுள் குஸ்ருவின் நூல் மட்டுமே அலாவுதீன் உயிரோடிருந்தபோது எழுதப்பட்டது. மன்னரைப் போற்றும் நோக்கம் கொண்டது என்பதால் அதனையும் எச்சரிக்கையுடனே பயன்படுத்த வேண்டும். உழவர் தரப்பில் எழுதப்பட்ட சான்று ஒன்றுகூட இல்லை. இந்த இன்மையையும் ஆய்வாளர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இளமையும் அரியணையும்

அலாவுதீனின் இயற்பெயர் அலீ குர்ஷாஸ்ப். கில்ஜி மரபைத் தொடங்கிய சுல்தான் ஜலாலுத்தீனுக்கு அவர் அண்ணன் மகனும் மருமகனும் ஆவார். எழுதப் படிக்கத் தெரியாதவராகவே அரியணை ஏறினார் எனப் பரனி கூறுகிறார். கங்கைக் கரையில் உள்ள காராவின் ஆளுநராக இருந்தபோது, 1296இல் சுல்தானின் இசைவின்றித் தக்காணத்தின் தேவகிரிமீது படையெடுத்தார். யாதவ மன்னர் இராமச்சந்திரனிடமிருந்து பெரும்பொருள் கவர்ந்து திரும்பினார். தம்மைக் காண வந்த ஜலாலுத்தீனை அதே ஆண்டு சூலையில் காராவில் கொல்வித்து, தில்லி நோக்கிப் புறப்பட்டார்.

அந்தப் பயணத்தின்போது நடந்த ஒன்று பிற்காலச் சந்தை வரலாற்றோடு தொடர்புடையது. வழியில் முகாமிட்ட இடந்தோறும் கவண்பொறியில் பொன்னை ஏற்றிக் கூட்டத்தின்மீது வீசச் செய்தார் எனப் பரனி எழுதுகிறார். கொலையின் கறையை மறைக்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் இக்கொடை பயன்பட்டது. பிரபுக்கள் அணிமாறினர், மக்கள் மறந்தனர். தேவகிரியின் பொன் இவ்வாறு தில்லியைச் சுற்றிப் புழக்கத்துக்கு வந்தது. விளைச்சல் பெருகாத இடத்தில் பணப்புழக்கம் மட்டும் பெருகினால் விலை ஏறுவது இயல்பு. பிற்காலத்தில் அலாவுதீன் அடக்க முயன்ற விலையேற்றத்துக்கு அவர் கையாலேயே ஒரு காரணம் விதைக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

முற்றுகைகள் தந்த பாடம்

தொடக்க ஆண்டுகளின் வெற்றிகள் அலாவுதீனைப் பெருங்கனவுகளுக்கு இட்டுச்சென்றன. நாணயங்களில் தம்மை இரண்டாம் அலெக்சாந்தர் எனப் பொறித்துக்கொண்டார். புதுச் சமயம் காணவும் உலகை வெல்லவும் எண்ணிய அவரைக் கொத்தவால் அலாவுல் முல்க் அறிவுரை கூறித் தடுத்தார். வெளிநாடுகளை நினைக்கும் முன் மங்கோலியர் வரும் வழியை அடைக்க வேண்டும் என்பது அவ்வறிவுரையின் சாரம்.

அதன் உண்மையை நிகழ்வுகள் மெய்ப்பித்தன. 1299இல் குத்லுக் குவாஜா தலைமையில் மங்கோலியப் படை தில்லிக்கு அருகே வந்தது. சுற்றுப்புற மக்கள் நகருக்குள் அடைக்கலம் புகுந்தனர். தெருக்களிலும் பள்ளிவாசல்களிலும் இடமின்றிப் போயிற்று. தானியம் கொண்டுவரும் பாதைகள் அடைபட்டமையால் பொருள்களின் விலை ஏறியது. கீலி என்னுமிடத்தில் நடந்த போரில் தளபதி சபர்கான் மாண்டார்; மங்கோலியர் பின்வாங்கினர்.

1303இல் நேர்ந்த முற்றுகை இதனினும் கடுமையானது. அலாவுதீன் சித்தூரைக் கைப்பற்றித் திரும்பியிருந்த நேரம். வாரங்கலுக்கு அனுப்பிய மற்றொரு படை நலிந்து மீண்டிருந்தது. வீரர்களிடம் போதிய குதிரைகளும் கருவிகளும் இல்லை. இந்நிலையில் தர்கியின் தலைமையில் வந்த மங்கோலியர் யமுனைக் கரையில் பாசறை அமைத்து, ஆற்றுத் துறைகளைத் தம்வயப்படுத்தினர். சுல்தான் சீரியில் அகழி வெட்டி, அதனுள் ஒடுங்கியிருக்க நேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தானியச் சாத்துகள் நகருக்குள் வரவில்லை. தர்கி ஏனோ முற்றுகையைக் கைவிட்டு மீண்டமையால் தில்லி தப்பியது.

தலைநகரைப் பகைவன் வாளால் வெல்ல வேண்டியதில்லை. தானியம் வரும் வழியை மறித்தாலே போதும் என்பதை இவ்விரு முற்றுகைகளும் காட்டின. கோட்டைகளைப் பழுது பார்த்தல், சீரியில் மதில் எழுப்புதல், எல்லைக் காவலை வலுப்படுத்தல் ஆகியவற்றோடு தானியச் சேமிப்பும் ஒரே பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்பாயிற்று. பரனி விலை விதிகளை 1303 முற்றுகைக்குப் பின்னரே வைத்துப் பேசுவது இதனால் பொருத்தமாகிறது.

படைக்கணக்கும் விலையும்

பரனியின் விளக்கம் தெளிவானது. மங்கோலியரைத் தடுக்கப் பெரும்படை நிலையாக வேண்டும். அப்படைக்கு வழக்கமான ஊதியம் கொடுத்தால் கருவூலம் சில ஆண்டுகளில் வற்றிவிடும். குறைந்த ஊதியம் கொடுத்தால் வீரன் குதிரையும் கருவியும் வாங்கிக் குடும்பத்தையும் காக்க இயலாது. வாழ்க்கைப் பொருள்களின் விலையைக் குறைத்தால் மட்டுமே குறைந்த ஊதியத்தில் பெரிய படை சாத்தியமாகும் என அமைச்சர்கள் எடுத்துரைத்தனர்.

குதிரை வீரன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 234 தங்காவும், இரண்டாம் குதிரை வைத்திருந்தால் மேலும் 78 தங்காவும் வழங்கப்பட்டன என்பது பரவலாக ஏற்கப்பட்ட வாசிப்பு. பரனியின் இத்தொடரைப் பிறவாறு கொள்வாரும் உளர். குதிரைகளுக்குச் சூடு போடுதலும், வீரரின் அங்க அடையாளங்களைப் பதிவேட்டில் எழுதுதலும் நடைமுறைக்கு வந்தன. ஊதியம் பெறுபவன் உண்மையில் குதிரை வைத்திருக்கிறானா என்பது இதனால் உறுதிசெய்யப்பட்டது.

ஒரு வெள்ளித் தங்காவுக்கு 48 ஜீத்தல் எனக் கொண்டால், 234 தங்கா என்பது 11,232 ஜீத்தல். மணங்கு ஒன்று 7½ ஜீத்தல் என்ற விலையில் இத்தொகைக்கு ஏறத்தாழ 1,500 மணங்கு கோதுமை வாங்கலாம். அக்காலத் தில்லி மணங்கு பிற்கால மணங்கினும் சிறியது. இன்றைய அளவில் 12 முதல் 15 கிலோ எனக் கணிப்பர். ஒரு குடும்பத்தின் உணவுத் தேவையைவிட இது மிகப் பல மடங்கு. அதேவேளை, முதல்தரக் குதிரையின் விலை 100 முதல் 120 தங்கா என வரையறுக்கப்பட்டிருந்தது. அதாவது ஓராண்டு ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி குதிரைக்கே போய்விடும். குதிரைத் தீவனம், ஆடை, கருவி, ஏவலர் ஆகிய செலவுகளும் வீரனுடையவை. ஆகவே தானிய விலையோடு குதிரை, துணி, அடிமைகள், கால்நடைகள் ஆகியவற்றின் விலைகளையும் வரையறுக்க வேண்டியிருந்தது. துணிக்கெனப் பதாயூன் வாயிலருகே சராய் அதல் என்னும் தனிச் சந்தை நிறுவப்பட்டது. தொலைவிலிருந்து துணி கொண்டுவர முல்தான் வணிகருக்குக் கருவூலத்திலிருந்து 20 இலட்சம் தங்கா முன்பணம் தரப்பட்டது. ஆயினும் எல்லாவற்றுக்கும் அடித்தளமாகத் தானியமே கருதப்பட்டது.

தானியச் சந்தை விதிகள்

பரனி தரும் விலைப் பட்டியலின்படி ஒரு மணங்குக் கோதுமை 7½ ஜீத்தல்; வாற்கோதுமை 4; நெல் 5; கொண்டைக்கடலை 5; உளுந்து 5; நரிப்பயறு 3. விலையை அறிவிப்பது எளிது. அவ்விலையில் சரக்குக் கிடைக்கச் செய்வதே கடினம். அலாவுதீனின் தனித்தன்மை இதை உணர்ந்திருந்ததில் உள்ளது.

முதலாவதாக, அரசு தானே பெரும் தானிய உடைமையாளர் ஆயிற்று. தோவாப்பின் அரச நேரடி நிலங்களில் (காலிசா) வரி பணமாக அன்றித் தானியமாகத் தண்டப்பட்டது. அத்தானியம் தில்லிக் களஞ்சியங்களில் சேர்க்கப்பட்டது. மழை பொய்த்த காலத்திலும் சாத்துகள் வரத் தாமதமான காலத்திலும் களஞ்சியம் திறக்கப்பட்டு, வரையறுத்த விலையில் சந்தைக்குத் தானியம் வந்தது.

இரண்டாவதாக, தானியப் போக்குவரத்து கட்டுக்குள் வந்தது. பொதிமாடுகளில் தானியம் ஏற்றி ஊர் ஊராகச் சென்ற வணிகரின் தலைவர்கள் நாயக் எனப்பட்டனர். பிற்காலப் பஞ்சாராக்களின் (தமிழகத்தில் இலம்பாடியர்) முன்னோடிகளாக இவர்களை ஆய்வாளர் கருதுவர். அவர்களுள் சிலரிடம் பத்தாயிரம், இருபதாயிரம் மாடுகள் இருந்தன எனக் கைருல் மஜாலிஸ் கூறுகிறது. சந்தைக் கண்காணிப்பாளராக (ஷஹ்னா-இ-மண்டி) அமர்த்தப்பட்ட மாலிக் கபூல் இத்தலைவர்களைச் சிறைப்படுத்தி, ஒருவருக்கொருவர் பிணையாக நிற்கும் ஒரே குழுவாக இயங்க உடன்படும் வரை விடுவிக்கவில்லை. பின்னர் அவர்கள் மனைவி மக்களோடும் மாடுகளோடும் யமுனைக் கரை ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். அலைந்து திரிந்த வணிகக் குழு அரசின் கண்பார்வையில் நிலைகொண்டது.

மூன்றாவதாக, பதுக்கல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பதுக்கிய தானியம் அரசுடைமையாயிற்று, பதுக்கியவர் தண்டிக்கப்பட்டார். தத்தம் எல்லைக்குள் எவரும் பதுக்கவில்லை என்பதற்குத் தோவாப் அதிகாரிகளிடம் எழுத்துறுதி பெறப்பட்டது. உழவர் தம் தானியத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் முன், விளைநிலத்திலேயே வரையறுத்த விலைக்கு வணிகருக்கு விற்கச் செய்வதும் அதே அதிகாரிகளின் பொறுப்பாயிற்று.

சந்தைக் கண்காணிப்பு

நாள்தோறும் சந்தை நிலவரம் மூன்று வழிகளில் சுல்தானுக்கு எட்டியது. கண்காணிப்பாளர், செய்தி அதிகாரி (பரீத்), மறை ஒற்றர் (முன்ஹி) ஆகிய மூவரும் தனித்தனியே அறிக்கை அனுப்பினர். அறிக்கைகளுக்கிடையே வேறுபாடு கண்டால் கண்காணிப்பாளரே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் மற்றவரோடு கூடிப் பொய்யுரைக்க முடியாதபடி அமைந்த ஏற்பாடு இது.

சில்லறைக் கடைகளின் மேற்பார்வை யாகூப் நாசிர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கடுமைக்குப் பெயர் பெற்றவர். விலை தெரியாத சிறுவர்களிடம் காசு கொடுத்துக் கடைகளுக்கு அனுப்பி, சுல்தானே எடையைச் சோதித்தார் எனப் பரனி கூறுகிறார். எடை குறைத்த கடைக்காரனின் உடலிலிருந்து குறைந்த எடைக்கு ஈடாகத் தசை அறுக்கப்பட்டது என்றும் எழுதுகிறார். வணிகர்மீது பரனி கொண்டிருந்த வெறுப்பு இத்தகைய செய்திகளை மிகைப்படுத்தியிருக்கக்கூடும். எனினும் அச்சமே இவ்வமைப்பின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை.

தண்டனை தவிர்த்த முறை ஒன்றையும் இபன் பதூதா பதிவு செய்துள்ளார். பதுக்கல்காரர் விலை இறக்க மறுத்தபோது, அரசுக் களஞ்சியத் தானியத்தைத் தவிர வேறெதையும் விற்கக்கூடாது எனச் சுல்தான் ஆணையிட்டார். ஆறு மாதம் இவ்வாறு நடந்தபின், தம் தானியத்தை வண்டு அரித்துவிடும் என அஞ்சிய வணிகர் விற்பனைக்கு இசைவு கேட்டனர். முன்னர் அவர்கள் ஏற்க மறுத்த விலையினும் குறைந்த விலைக்கு விற்கவே இசைவு கிடைத்தது. இது இபன் பதூதா பிறரிடம் கேட்டறிந்த செய்தியே. ஆயினும் களஞ்சியமே சந்தையை ஆண்டது என்னும் நினைவு ஒரு தலைமுறைக்குப் பின்னும் தில்லியில் நிலவியதை இது உணர்த்துகிறது.

வறட்சிக் காலச் சோதனை

ஓர் ஆண்டு மழை குறைந்தபோது மாலிக் கபூல் விலையில் அரை ஜீத்தல் மட்டும் கூட்ட வேண்டும் என விண்ணப்பித்தார். அதற்கு அவர் பெற்றது பிரம்படி. சுல்தானின் நம்பிக்கைக்குரிய உயர் அதிகாரி அவர் என்பது இங்கே கருதத்தக்கது. ஏழரையில் அரை என்பது பதினைந்தில் ஒரு பங்கு. பஞ்ச காலத்து விலையேற்றங்களோடு ஒப்பிட இது மிகச் சிறிது. அதையும் மறுத்ததிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. விலை சற்றேனும் அசையும் எனத் தெரிந்தால் அடுத்த ஏற்றத்தை எதிர்பார்த்து வணிகர் சரக்கைப் பிடித்துவைப்பர். விலை எக்காலத்தும் மாறாது என்ற உறுதி நிலவினால் பதுக்குவதில் ஊதியமில்லை. சுல்தான் காத்தது அரை ஜீத்தலை அன்று. மாறாமை என்னும் அந்த உறுதியை.

வறட்சியில் பங்கீடும் நடைபெற்றது. ஒவ்வொரு பகுதிக் கடைக்காரருக்கும் அப்பகுதி மக்கள் தொகைக்கேற்ப நாள்தோறும் தானியம் அளிக்கப்பட்டது. சந்தைக்கு நேரே வருபவர் அரை மணங்கு வரை வாங்கலாம். நிலமில்லாத உயர்குடியினருக்கும் இவ்வாறே வழங்கப்பட்டது. கூட்ட நெரிசலில் எளியவர் எவரேனும் மிதிபட்டால் கண்காணிப்பாளர் தண்டிக்கப்பட்டார். மழை பொய்த்த ஆண்டுகளிலும் தில்லியில் பஞ்சம் தோன்றவில்லை எனப் பரனி வியந்து எழுதுகிறார்.

களத்துமேட்டின் கணக்கு

தில்லியின் மலிவுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி. அலாவுதீன் நிலத்தை அளந்து, விளைச்சலில் பாதியை வரியாக விதித்தார். வீட்டு வரியும் மேய்ச்சல் வரியும் தனியே இருந்தன. ஊர்த்தலைவர்களான கூத், முகத்தம், சௌத்ரி ஆகியோர் அதுவரை பெற்றுவந்த சலுகைகள் பறிக்கப்பட்டன. அவர்கள் குதிரை ஏறவும் நல்லாடை உடுத்தவும் வெற்றிலை மெல்லவும் வழியற்றவராயினர் எனப் பரனி மனநிறைவோடு எழுதுகிறார். வருவாய் அதிகாரி ஷரப் காயினி ஊர்க் கணக்கரின் ஏடுகளை வரிக்கு வரி சரிபார்த்து நிலுவைகளைத் தண்டினார்.

ஊர்த்தலைவர்களின் இடைத்தட்டு அடக்கப்பட்டதால் எளிய உழவர்மீதிருந்த ஒரு சுமை குறைந்தது எனச் சில வரலாற்றறிஞர் கருதுவர். வலியோரின் பங்கை எளியோர்மீது சுமத்தக்கூடாது என்னும் கொள்கை பரனியின் நூலிலேயே இடம்பெறுவதால் இக்கருத்தை ஒதுக்க இயலாது. எனினும் தானிய விதிகளோடு சேர்த்து நோக்கும்போது நிலைமை வேறாகிறது. விளைச்சலில் பாதி வரியாகப் போயிற்று. எஞ்சிய பாதியில் விதைக்கும் உணவுக்கும் போக மீதியை வரையறுத்த விலைக்கே விற்க வேண்டும். தானே சந்தைக்குக் கொண்டுவந்து விற்கும் உரிமை உழவனுக்கு இருந்தது. ஆனால் அங்கும் விலை அதுவே. விளைச்சல் குறைந்த ஆண்டில், இழப்பை விலையேற்றத்தால் ஈடுசெய்யும் வாய்ப்பு அவனுக்கு இல்லாமல் போயிற்று. ஆகவே விலைக் கட்டுப்பாடு உழவனுக்குப் பெயரில்லாத மற்றொரு வரியாகவே அமைந்தது. நகரத்தவன் பெற்ற மலிவும் வீரன் பெற்ற வாழ்வும் களத்துமேட்டிலிருந்து வந்தவை.

மோர்லாந்து இக்கட்டுப்பாடு தில்லிக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் மட்டுமே உரியது எனக் கருதினார். பரனியின் செய்திகளின் நம்பகத்தை இர்பான் ஹபீப் விரிவாக நிலைநாட்டியுள்ளார். எல்லை எதுவாயினும், கட்டுப்பாடு நின்றது தோவாப்பின் வரித்தண்டலின் மேல் என்பது இரு நிலைப்பாடுகளுக்கும் பொருந்தும்.

மக்கள் நலன் என்னும் மறு கூற்று

கைருல் மஜாலிஸ் தரும் சித்திரம் வேறு. மக்கள் அனைவருக்கும் பயன்தரும் செயல் எது எனச் சுல்தான் சிந்தித்தார். பொருளை வாரி வழங்கினாலும் எல்லாரையும் எட்டாது. தானியம் மலிவானால் அனைவரும் பயன்பெறுவர் என முடிவு செய்தார். பின்னர்ச் சாத்துத் தலைவர்களை அழைத்துப் பணம் கொடுத்தார் என்பது அந்நூலின் செய்தி. அவருடைய கல்லறையில் மக்கள் வேண்டுதல் நூல் கட்டினர் என்றும் அது கூறுகிறது.

பரனியும் இந்நூலும் முரண்படுவதாகப் பலர் கொள்வர். இருவரும் நின்ற இடம் வேறு என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. பரனி அரண்மனையின் பக்கம் நின்று காரணத்தைப் பேசுகிறார். சூபி அவையினர் கடைத்தெருவின் பக்கம் நின்று பயனைப் பேசுகின்றனர். படைக்காகத் தொடங்கிய ஏற்பாட்டின் பயன் நகரத்து ஏழைக்கும் கிடைத்தது. நூல் கட்டிய கைகள் தில்லி மக்களுடையவை. தோவாப் உழவர் அக்கல்லறையை எவ்வாறு நினைத்தனர் என்பதற்குச் சான்றில்லை.

தெற்கிலிருந்து வந்த செல்வம்

1305இல் அம்ரோகாவிலும் 1306இல் இராவிக் கரையிலும் மங்கோலியர் தோற்றனர். இதன்பின் வடக்கின் அச்சம் தணிந்து, படை தெற்கு நோக்கித் திரும்பியது. தேவகிரி, வாரங்கல் வெற்றிகளுக்குப் பின் மாலிக் கபூர் 1311இல் போசள மன்னர் மூன்றாம் வல்லாளனைப் பணியவைத்து, பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தார். சுந்தர பாண்டியனுக்கும் வீர பாண்டியனுக்கும் இடையிலான அரசுரிமைப் போர் அவருக்கு வாய்ப்பாயிற்று. அவர் கொண்டுசென்ற யானைகள் 512 எனக் குஸ்ருவும், 612 எனப் பரனியும் குறிக்கின்றனர். குதிரைகளின் தொகையில் வேறுபாடு இன்னும் மிகுதி: குஸ்ரு 5,000 என்க, பரனி 20,000 என்கிறார்.

மலிவு விலையில் பேணப்பட்ட படையே தமிழகம் வரை வந்தது என்ற வகையில் தில்லிச் சந்தை விதிகளுக்கும் பாண்டிய நாட்டுக்கும் ஒரு நேர்த் தொடர்புண்டு. எல்லைக் காப்புக்கென வகுத்த ஏற்பாடு, எல்லை அச்சம் தணிந்த பின்னும் நீங்கவில்லை. பிறநாட்டுப் படையெடுப்புகளுக்குத் துணையாயிற்று. போர்க்காலக் கட்டுப்பாடுகள் தாம் தோன்றிய காரணத்தைக் கடந்தும் நீடிப்பதற்கு இது ஒரு தொடக்கச் சான்று எனலாம்.

இறுதிக் காலமும் விதிகளின் முடிவும்

கடைசி ஆண்டுகளில் நோய் அலாவுதீனை நலித்தது. அதிகாரம் மாலிக் கபூரிடம் சென்றது. மூத்த மகன் கிசிர்கான் குவாலியரில் சிறைவைக்கப்பட்டார். அவருடைய மாமன் ஆல்ப்கான் கொல்லப்பட்டார். 1316 சனவரியில் சுல்தான் இறந்தார். சில வாரங்களில் மாலிக் கபூரும் கொலையுண்டார். அரியணை ஏறிய குத்புத்தீன் முபாரக் ஷா சிறைக்கூடங்களைத் திறந்துவிட்டார். தந்தையின் கடுமைகளைத் தளர்த்தினார். சந்தை விதிகள் கைவிடப்பட்டன. தானிய விலையும் கூலியும் ஏறின. வணிகர் தம் விருப்பப்படி விலை கூறினர் எனப் பரனி வருந்துகிறார். அரை ஜீத்தலும் அசையாதிருந்த விலைக்குச் சட்டமோ நிறுவனமோ காவலாக இல்லை; ஒரு மனிதனின் விழிப்பே காவலாக இருந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி ஒன்றை ஷம்ஸ் சிராஜ் அபீப் தருகிறார். பிரோஸ் ஷா துக்ளக்கின் காலத்தில் மணங்குக் கோதுமை 8 ஜீத்தலுக்கு விற்றது. அது அரசின் முயற்சியால் அன்றி, இயல்பாகவே அமைந்த மலிவு என்கிறார் அவர். நல்ல விளைச்சல் வாய்த்த காலத்தில் கட்டுப்பாடின்றியே விலை தாழ்ந்திருக்க முடியும். அலாவுதீனின் சாதனையை விலை எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு அளப்பதினும், நல்ல ஆண்டிலும் தீய ஆண்டிலும் அது மாறாது நின்றது என்பதைக் கொண்டு அளப்பதே தகும். அதன் கொடுமையும் அங்கேயே உள்ளது. தீய ஆண்டில் மாறாத விலையின் இழப்பு முழுவதும் விளைவித்தவனையே சேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அலாவுதீனின் தானியக் கட்டுப்பாடு 1299, 1303 முற்றுகைகளின் பட்டறிவிலிருந்தும், நிலைப்படையின் செலவுக் கணக்கிலிருந்தும் தோன்றியது. மக்கள் நலன் அதன் தொடக்கக் காரணம் என்பதினும் விளைவு எனக் கொள்வதே சான்றுகளுக்கு இயைபுடையது.

விலை அறிவிப்போடு நில்லாமல் கொள்முதல், சேமிப்பு, போக்குவரத்து, விற்பனை, பங்கீடு, கண்காணிப்பு ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியாக இணைத்தமையே அதன் வெற்றிக்கு அடிப்படை.

விளைச்சலில் பாதியை வரியாகவும், எஞ்சியதை வரையறுத்த விலைக்கும் பெற்றதன்வழி, நகரின் மலிவுக்கான செலவு தோவாப் உழவர்மீது ஏற்றப்பட்டது. இவ்வுண்மை மலிவைப் போற்றிய சான்றாளர்களின் எழுத்துகளிலிருந்தே பெறப்படுகிறது.

மன்னனின் அச்சுறுத்தலும் விழிப்பும் நீங்கியதும் அமைப்பு சரிந்தது. தானியம் உண்டவனின் நன்றி கல்லறையில் நூலாகக் கட்டப்பட்டது. விளைவித்தவனின் நிலை வரிக் கணக்கில் மட்டுமே எஞ்சியது. அலாவுதீனின் வாழ்க்கையை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.